டால் தன் ஆட்டங்களைத் தானே விளக்கும் புத்தகம்: தனியாகப் படிக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவம்

ஒரு கிராண்ட்மாஸ்டர் தன்னுடைய சிறந்த ஆட்டங்களைத் தானே தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பின்னால் மனதில் என்ன ஓடியது என்று எழுதிய புத்தகத்தை, பயிற்சியாளர் இல்லாமல் வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்து முடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புத்தகத்தைப் புகழ்ந்தவர்கள் நிறையப் பேர். எப்படிப் படிப்பது, எதை வாங்குவது, எங்கே மனம் உடையும் என்று சொன்னவர் ஒருவர்கூடக் கிடையாது. ஒரு வருடத்துக்கும் மேலான மாலை நேரங்களும், கூட்டிப் பார்த்தால் பதினைந்தாயிரத்தைத் தாண்டும் பணமும் இதில் போயிருக்கிறது. அதில் பாதியாவது மிச்சப்பட்டிருக்கும், இந்தக் கட்டுரையில் இருப்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆடிய செஸ்ஸை வேலைக்கு வந்தபிறகு மறுபடியும் கையில் எடுத்தவன், ரேட்டிங் (ஆட்டத்திறனை அளக்கும் புள்ளி) 1500க்குப் பக்கத்தில். பயிற்சியாளரிடம் போகலாம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் கேட்கும் தொகையை மாதாமாதம் கொடுக்கிற நிலைமை இல்லை, அதுவும் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்கிற வகுப்பே குறைவு. சரி, புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்வோம் என்று முடிவெடுத்தபோது மிகைல் டாலைத்தான் தேர்ந்தெடுத்தேன். செஸ் ஆடுகிற தமிழர்களுக்கு அந்தப் பெயர் புதிதில்லை. 1972இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய கிளப்புக்கே டால் பெயரைத்தான் வைத்தார்கள், சிறுவன் ஆனந்த் அங்கேதான் மணிக்கணக்கில் ஆடி வளர்ந்தார். டால் 1936இல் லாட்வியாவின் ரீகாவில் பிறந்தவர், 1960இல் அப்போதைய உலக சாம்பியன் போட்வின்னிக்கை 12½–8½ என்று தோற்கடித்து உலக சாம்பியன் ஆனவர், காயைக் கொடுத்துவிட்டு எதிராளியைத் திணறடிப்பதில் அவருக்கு இணையாக இன்றுவரை யாரையும் சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அவர் தன் வாழ்க்கையையும் ஆட்டங்களையும் சேர்த்து எழுதிய பெரிய புத்தகம், The Life and Games of Mikhail Tal, 1976இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் அமைப்பே தனி. ஒரு பத்திரிகையாளர் கேள்வி கேட்கிறார், ஒரு ஆட்டக்காரர் பதில் சொல்கிறார், இரண்டு பேரும் டால்தான். அவர் ரீகாவில் இலக்கியம் படித்தவர், அங்கே வெளிவந்த ஒரு செஸ் பத்திரிகைக்குப் பல வருடம் ஆசிரியராகவும் இருந்தவர், அதனால் எழுத்து தடையில்லாமல் ஓடுகிறது. இந்த ஓட்டம்தான் முதல் ஆபத்து, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கதை போலப் படித்துக்கொண்டே போய்விடலாம், சுகமாகவும் இருக்கும், ஒரு வாரத்தில் பாதிப் புத்தகம் முடிந்துவிடும், ஆனால் பலகையில் ஒரு நகர்த்தல்கூட ஒட்டியிருக்காது.

முதலில் வாங்கின கதை. இணையத்தில் ஒரு விற்பனையாளர் 650 ரூபாய்க்குப் போட்டிருந்தார், மற்ற இடங்களில் விலை அதற்கு இரண்டு மூன்று மடங்கு. புதுப் புத்தகம் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. வந்து சேர்ந்தது, யாரோ ஸ்கேன் செய்து, மறுபடியும் அச்சடித்து, அட்டை போட்ட பிரதி. மேலோட்டமாகப் புரட்டினால் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து காய்களை நகர்த்த ஆரம்பித்தபிறகுதான் தெரிந்தது. செஸ் புத்தகத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும்தான் பெயர். ஆங்கிலச் சிறிய எழுத்தில் சியும் ஈயும் மங்கின அச்சில் ஒரே மாதிரி இருக்கும், பியும் எச்சும் அப்படித்தான், 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது. குதிரை சி3க்கு வந்ததா ஈ3க்கு வந்ததா? இரண்டுமே விதிப்படி வரக்கூடிய கட்டங்களாக இருந்தால் போச்சு. தப்பான கட்டத்தில் குதிரையை வைத்துவிட்டு எட்டு நகர்த்தல் தாண்டி, "இங்கே இந்தப் பிஷப் எப்படி எடுக்க முடியும், வழியில்தான் குதிரை நிற்கிறதே" என்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில பக்கங்களில் பலகைப் படங்களில் கறுப்புக் காய்க்கும் வெள்ளைக் காய்க்கும் வேறுபாடே தெரியாமல் மை அப்பியிருந்தது.

இதில் பணத்தைவிட வலித்தது வேறு. பல வாரங்கள், புரியாதது எனக்குத்தான், என் தலைக்கு இது எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தனியாகப் படிக்கிறவனுக்கு இதுதான் பெரிய துன்பம், பக்கத்தில் உட்கார்ந்து "இது அச்சுப்பிழை" என்று சொல்ல ஆள் இல்லை. ஒருநாள் எரிச்சலில் அந்த ஆட்டத்தை இணையத்தில் தேடிப் பார்த்தபோதுதான் புத்தகத்தில் இருந்த நகர்த்தலே வேறு என்று தெரிந்தது. விற்பனையாளரிடம் கேட்டால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்ற ஒரே பதில். படங்கள் எடுத்து அனுப்பினேன், அப்புறம் பதிலே வரவில்லை. கடைசியில் உண்மையான பதிப்பை இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து வாங்கினேன்.

அதனால் வாங்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். புத்தகம் வந்த அன்றைக்கே, கெடு ஓடுவதற்குள், நடுப்பக்கங்களில் ஏதாவது ஓர் ஆட்டத்தை எடுத்து முழுவதும் பலகையில் ஆடிப் பாருங்கள், பலகைப் படம் வரும் இடத்தில் உங்கள் பலகையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் சில பக்கங்களைப் பார்த்து ஏமாறவேண்டாம், அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வெறும் நகர்த்தல்களுக்காகப் பணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, டாலின் ஆட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாம் காசு கொடுப்பது அந்த மனிதர் அந்த நகர்த்தலைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதற்குத்தான். ஆகவே ஆட்டத்தின் நகர்த்தல்களை இணையத்திலிருந்து எடுத்து ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, விளக்கத்தை மட்டும் புத்தகத்திலிருந்து படித்தால் அச்சுப்பிழையில் சிக்கமாட்டீர்கள்.

பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. 1980களுக்கு முன் ஆங்கிலத்தில் வந்த நிறைய செஸ் புத்தகங்கள் பழைய நோட்டேஷனில், அதாவது நகர்த்தல்களை எழுதும் பழைய முறையில் இருக்கும். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர். நாம் ஈ4 என்று சொல்லும் கட்டம் வெள்ளைக்கு ராஜா வரிசையில் நாலு, கறுப்புக்கு அதே கட்டம் ராஜா வரிசையில் ஐந்து. உலகச் செஸ் கூட்டமைப்பு 1981இல் அதை ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டது. பழகினால் வாசிக்கலாம்தான், ஆனால் கடினமான ஆட்டங்களைப் புரிந்துகொள்ளப் போராடும்போது கூடவே நோட்டேஷனோடும் போராடுவது இரட்டை வேலை. மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பதற்கு முன் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சரி, நல்ல பதிப்பு கைக்கு வந்தது. இப்போது அடுத்த சுவர். ஆரம்பத்தில் போனில் ஒரு செயலியில் ஆட்டத்தைத் திறந்துவைத்து, விரலால் தட்டிக்கொண்டே புத்தகத்தைப் படித்தேன். வேகமாகப் போனது, எதுவும் நிற்கவில்லை. மரப்பலகைக்கு மாறினபிறகுதான் ஆட்டம் தலையில் ஏற ஆரம்பித்தது. அதிலும் ஒரு பலகை போதாது. விளக்கத்தில் "இப்படி ஆடியிருந்தால்" என்று பத்து நகர்த்தல் நீளத்துக்கு ஒரு கிளை போகும், அதைப் பலகையில் ஆடிப் பார்த்துவிட்டு பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் ஏதாவது ஒரு சிப்பாய் இடம் மாறியிருக்கும், முதலிலிருந்து மறுபடியும் அடுக்க வேண்டும். ஒரு சின்னக் காந்தப் பலகை முந்நூறு ரூபாய்க்கு வாங்கி, பெரிய பலகையில் நிஜ ஆட்டம், சின்னதில் கிளைகள் என்று பிரித்துக்கொண்டேன். இந்த ஒரு மாற்றத்தால் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் பாதியாகக் குறைந்தது. நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அந்தக் காந்தப் பலகைதான்.

அப்புறம் வந்ததுதான் என்னை உண்மையிலேயே உலுக்கியது. 1960 உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். மாஸ்கோவில் நடந்தது, போட்வின்னிக் வெள்ளை, டால் கறுப்பில் கிங்ஸ் இண்டியன் என்ற தொடக்க முறையை ஆடினார். 21ஆவது நகர்த்தலில் டால் தன் குதிரையை எஃப்4இல் கொண்டுபோய் வைக்கிறார், வெள்ளையின் ஜி சிப்பாய் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் கறுப்பின் ஈ சிப்பாய் பதிலுக்கு எடுக்கும், அதோடு ஜி7இல் அடைபட்டிருந்த பிஷப்புக்கு பி2 வரை நீண்ட மூலைவிட்டம் திறந்துகொள்ளும், ரூக்குகளுக்கும் வழி கிடைக்கும். இங்கே ராஜாவைத் துரத்திப் பிடிக்கிற தாக்குதல் எதுவும் கிடையாது. ஒரு குதிரையைக் கொடுத்து, தூங்கிக்கொண்டிருந்த மற்ற எல்லாக் காய்களையும் எழுப்பிவிடுகிறார். அரங்கத்தில் பார்வையாளர்கள் சத்தம் போட ஆரம்பித்து, அடங்காமல், கடைசியில் ஆட்டத்தை உள்ளறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ராணி பி2 சிப்பாயை எடுக்கிறது, வெள்ளை ரூக் பி1க்கு வந்து ராணியைத் தாக்குகிறது, டால் ராணியை நகர்த்தாமல் எஃப் சிப்பாயை எஃப்3க்குத் தள்ளி வெள்ளை ராணியைத் தாக்குகிறார். போட்வின்னிக் 25ஆவது நகர்த்தலில் ரூக்கால் ராணியை எடுத்தார், சிப்பாய் பதிலுக்கு அவர் ராணியை எடுத்தது, அதன்பிறகு கறுப்பின் பிஷப்புகளும் ரூக்குகளும் எங்கும் நிறைந்துவிட்டன. 47ஆவது நகர்த்தலோடு டாலுக்கு வெற்றி.

இதைப் பலகையில் வைத்துப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினில் (ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் நிரல்) போட்டேன். 25ஆவது நகர்த்தலில் ராணியை எடுக்காமல் பிஷப்பால் எஃப்3 சிப்பாயை எடுத்திருந்தால் வெள்ளைக்கே நல்ல ஆட்டம் என்று வந்தது. இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த ரகசியம் இல்லை, இன்ஜின் வருவதற்கு வெகு காலம் முன்பே ஆய்வாளர்கள் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. மற்ற ஆட்டங்களையும் ஒவ்வொன்றாக இன்ஜினில் போட ஆரம்பித்தேன். நான் வியந்த இடங்களில் பாதிக்கு மேல் "சமநிலை", "எதிராளிக்குச் சாதகம்" என்று எண்கள் வந்துகொண்டே இருந்தன. அப்படியானால் நான் இத்தனை மாதம் எதைப் படித்தேன்? ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது, கோபம்கூட வந்தது. புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன், சில மாதங்கள் தொடவே இல்லை. வீட்டில் "என்னங்க, அந்தப் பலகையைத் தொடறதே இல்லையே" என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை.

அதே சமயத்தில் டோர்னமென்ட்களும் போய்க்கொண்டிருந்தன. நுழைவுக் கட்டணம் 1,500, 2,000 என்று ஆகும், வெளியூர் என்றால் லாட்ஜ், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்ந்து ஒரு முறைக்கு ஐயாயிரம் பக்கத்தில் வந்துவிடும். புத்தகத்தின் பாதிப்பு கையில் இருந்தது, காயைக் கொடுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது, ரேட்டிங் சரிந்தது. சேலத்தில் ஒரு டோர்னமென்டில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவரோடு ஆடினேன். எச்7இல் பிஷப்பைக் கொடுத்தேன், அவர் அமைதியாக எடுத்துக்கொண்டு ராஜாவை நகர்த்தி நகர்த்தித் தப்பித்து ஜெயித்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் வெளியே டீ குடிக்கும்போது, "தம்பி, அந்தப் பிஷப்பை எதுக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். "அட்டாக் வரும்னுதான் சார்." "எத்தனை காய் அந்தப் பக்கம் இருந்துச்சு?" "ராணியும் ஒரு குதிரையும்." "என்கிட்ட காப்பாத்த எத்தனை இருந்துச்சு?" நான் யோசித்துவிட்டு "மூணு" என்றேன். "டால் படிக்கிறேன்னு சொன்னீங்கல்ல? அவரு கொடுக்கிற எடத்துல எல்லாம் ஒருதடவை எண்ணிப் பாருங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி அவரு காய் எல்லாம் எங்க நிக்குதுன்னு பாருங்க. கொடுத்த நகர்த்தலைப் பாக்காதீங்க, அதுக்கு முந்தின அஞ்சு நகர்த்தலைப் பாருங்க." ஒரு டீக்கடை வாசலில் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை, அதுவரை நான் செலவழித்த எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது.

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். ஒவ்வொரு பெரிய நகர்த்தலுக்கும் ஐந்து நகர்த்தல் முன்னால் போய் நின்று, தாக்குகிற பக்கம் எத்தனை காய், காக்கிற பக்கம் எத்தனை காய் என்று ஒரு நோட்டில் எழுதினேன். ஆட்டத்துக்கு ஆட்டம் அதே காட்சி. டால் திடீரென்று காயைக் கொடுப்பதில்லை. ரூக்கை ஒரு வரிசைக்குக் கொண்டுவருவார், குதிரையைச் சும்மா இருந்த இடத்திலிருந்து நடுவுக்கு இழுப்பார், பிஷப்பின் பார்வையைத் திருப்புவார், அதெல்லாம் சத்தமில்லாத நகர்த்தல்கள், புத்தகத்தில் சிறந்த நகர்த்தலுக்குப் போடும் ஆச்சரியக்குறி இல்லாதவை. அவற்றைத்தான் நான் வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன். எதிராளியின் காய்கள் பலகையின் இன்னொரு பக்கத்தில் சிப்பாய் பொறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அந்தப் பெரிய நகர்த்தல் வருகிறது.

இன்ஜின் விஷயமும் அதோடு தெளிவாயிற்று. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இப்போது படிக்க வருகிற எல்லோரும் இதே இடத்தில்தான் விழுவார்கள். டால் தன் ஆட்டத்துக்கு எழுதும் விளக்கம் ஒரு சாட்சியின் வாக்குமூலம். அந்தக் கடிகாரத்துக்கு முன்னால், அந்த எதிராளிக்கு எதிரே, அந்த நிமிடத்தில் என் மனதில் இது ஓடியது என்கிறார். அந்த நகர்த்தல் கடவுளின் கணக்கில் சரியா தப்பா என்பது வேறு கேள்வி, அதற்கு இன்ஜின் இருக்கிறது. 1960இல் 40 நகர்த்தலுக்கு இரண்டரை மணி நேரம். எஃப்4இல் குதிரை வந்து விழுந்தபோது போட்வின்னிக் அதற்குள்தான் எல்லாக் கிளைகளையும் கணக்குப் போட வேண்டும், நாலாயிரம் மைல் தள்ளி அறுபது வருடம் கழித்துச் சோபாவில் உட்கார்ந்து நான் இன்ஜினைத் தட்டுவது மாதிரி இல்லை. உலகின் தலைசிறந்த தற்காப்பாளர்களில் ஒருவரே அதில் வழி தவறினார் என்பதுதான் அந்த நகர்த்தலின் பலம். எதிராளிக்கு முன்னால் எவ்வளவு கடினமான கேள்வியை வைக்கிறோம் என்பதை இன்ஜினின் எண் சொல்லாது, டாலின் வார்த்தைகள் சொல்லும்.

இதற்கு நல்ல உதாரணம் நீர்யானைக் கதை. 1964இல் கீவில் நடந்த சோவியத் சாம்பியன்ஷிப்பில் கிராண்ட்மாஸ்டர் வாசியுகோவுக்கு எதிரே ஒரு குதிரையைக் கொடுக்கலாமா என்று டால் யோசிக்கிறார். கிளைகள் குவிந்து தலை சுற்றுகிறது, அந்த நேரம் பார்த்து ரஷ்யக் குழந்தைக் கவிஞர் சுக்கோவ்ஸ்கியின் பாட்டில் வரும் சதுப்பிலிருந்து நீர்யானையை இழுக்கும் வரி ஞாபகத்துக்கு வருகிறது. உடனே நீர்யானையை எப்படி வெளியே எடுப்பது என்று யோசிக்க ஆரம்பிக்கிறார், ஜாக்கி, நெம்புகோல், ஹெலிகாப்டர், கயிற்றேணி என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, சரி, மூழ்கட்டும் என்று விட்டுவிடுகிறார். அதன்பிறகு பலகையைப் பார்த்தால் குதிரையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று உள்ளுணர்வு சொல்கிறது, கொடுக்கிறார், ஜெயிக்கிறார். மறுநாள் செய்தித்தாளில், டால் நாற்பது நிமிடம் நிதானமாக ஆராய்ந்து துல்லியமாகக் கணக்கிட்டுக் காயைக் கொடுத்தார் என்று வந்திருந்ததாம். ஆட்டத்தின் நகர்த்தல்களை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. இன்னொருவர் எழுதும் விளக்கத்திலும் வராது. ஆடினவரே எழுதும் புத்தகத்துக்கு இருக்கும் மதிப்பு இதுதான், இதற்காகத்தான் நான் இதை இவ்வளவு நேசிக்கிறேன்.

நான் இப்போது படிக்கும் முறை இது, ரேட்டிங் 1800க்குக் கீழே இருக்கிறவர்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். முதலில் விளக்கம் இல்லாமல் ஆட்டத்தை ஒருமுறை வேகமாக ஆடிவிடுவேன், கதை தெரிந்துவிடும். அப்புறம் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து, ஒரு அட்டையால் பக்கத்தை மறைத்துக்கொண்டு, வென்றவர் பக்கத்து நகர்த்தலை ஒவ்வொன்றாக நானே யோசித்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் அட்டையை நகர்த்துவேன். ஒத்துப்போகாத இடத்தில், நான் எதைப் பார்த்தேன், டால் எதைப் பார்த்தார் என்று இரண்டே வரி. இதெல்லாம் முடிந்து ஒரு நாள் இடைவெளி விட்டபிறகுதான் இன்ஜின். அதிலும் மொத்த ஆட்டத்தையும் ஓட்டுவதில்லை, எனக்குச் சந்தேகம் வந்த இரண்டு மூன்று இடங்களை மட்டும் கேட்பேன். இன்ஜினை முதலில் திறந்தால் யோசிக்கிற ஆசையே போய்விடும், இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இப்படிச் செய்தால் ஒரு ஆட்டத்துக்கு மூன்று நான்கு மாலை ஆகும். புத்தகத்தில் ஏறக்குறைய நூறு ஆட்டங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் இப்படிப் படிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. இருபது ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றைக் கதையாகப் படித்துவிட்டுப் போங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது தோல்விகளையும் சேருங்கள். இப்படிப்பட்ட புத்தகங்களில் பெரும்பாலும் வெற்றிகள்தான் இருக்கும், அது இயல்பு. ஆனால் 1961 மறுஆட்டத்தில் போட்வின்னிக் 13–8 என்று பட்டத்தைத் திரும்ப வாங்கினார், அந்த ஆட்டங்களை இணையத்தில் தேடி எடுத்துப் பார்த்தால், சிக்கலுக்குள் போகாமல் ராணிகளை மாற்றிக்கொண்டு அவர் எப்படி டாலின் கைகளைக் கட்டினார் என்பது தெரியும். டால் அந்தச் சமயம் உடல்நலமில்லாமல் இருந்தார், சிறுநீரகக் கோளாறு அவரை வாழ்நாள் முழுக்கப் படுத்தியது, 1969இல் ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த டாலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. 1973 முதல் 1974 வரை 95 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்காமல் ஆடினார், உச்சநிலை ஆட்டக்காரர்களிடையே 2018இல் சீனாவின் டிங் லிரென் தாண்டும்வரை அந்தச் சாதனை நின்றது. 1979இல் மான்ட்ரியல் டோர்னமென்டில் அப்போதைய உலக சாம்பியன் கார்ப்போவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். காயைக் கொடுத்துவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுகிறவரால் இது முடியாது. 70களின் ஆட்டங்களிலிருந்து இரண்டு மூன்றாவது உங்கள் பட்டியலில் இருக்கட்டும், எங்கள் மாதிரி சாதாரண ஆட்டக்காரர்களுக்கு அவைதான் நேரடியாகப் பயன்படுகின்றன.

அடுத்து என்ன படிப்பது என்று கேட்கிறவர்களுக்கு, அதே ரீகாவில் 1972இல் பிறந்த அலெக்சி ஷிரோவ் தன் ஆட்டங்களை விளக்கி எழுதியிருக்கிறார். சிறுவயதில் டாலோடு உட்கார்ந்து ஆட்டங்களை அலசியவர். அவர் எழுத்து வேறு மாதிரி, கிளைகள் நீளமாகவும் அடர்த்தியாகவும் இருக்கும், டாலின் கதைசொல்லும் சுகம் குறைவு, கொஞ்சம் முன்னேறியபிறகு எடுப்பது நல்லது. அவருடைய ஒரு நகர்த்தலை மட்டும் இப்போதே பாருங்கள். 1998, ஸ்பெயினின் லினாரெஸ் டோர்னமென்ட், பல்கேரியாவின் டோபலோவுக்கு எதிரே கறுப்பில், இரு பக்கமும் வேறுவேறு நிறக் கட்டத்தில் ஓடும் பிஷப்புகள், எல்லோரும் டிரா என்று நினைக்கும் இறுதியாட்டம். 47ஆவது நகர்த்தலில் தன் ஒரே பிஷப்பை எச்3இல், வெள்ளைச் சிப்பாயின் வாயில் கொண்டுபோய் வைக்கிறார். எடுத்தால் கறுப்பு ராஜாவுக்கு எஃப்5 வழியாக ஈ4க்குப் போக நேரம் கிடைத்துவிடுகிறது, அந்த ஒரு அடி முந்துவதற்காக ஒரு முழுக் காய். ஆறு நகர்த்தலுக்குள் டோபலோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இங்கே இன்ஜினும் மனிதனும் ஒரே பக்கம் நிற்கிறார்கள், எப்படி வேண்டுமானாலும் சோதித்துப் பாருங்கள், நகர்த்தல் சரி.

பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. டோர்னமென்ட் அரங்குகளில் பத்து வயதுப் பிள்ளை கையில் இந்த மாதிரிப் பெரிய புத்தகத்தைக் கொடுத்து "படி" என்று உட்காரவைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் அடிப்படைத் தந்திரங்களும் எளிய இறுதியாட்டங்களும் கைக்கு வரட்டும். டாலின் ஆட்டங்களை நீங்களே பலகையில் ஆடிக் காட்டி, "இப்ப நீயா இருந்தா என்ன ஆடுவே?" என்று கேளுங்கள், நீர்யானைக் கதையைச் சொல்லுங்கள். உங்களுக்கு செஸ் தெரியாது என்றால் நகர்த்தல்களைப் படித்துக் காட்டினாலே போதும், காயை அவர்கள் நகர்த்துவார்கள். வாங்குவதானால் அச்சைச் சரிபார்த்து ஒரு நல்ல பிரதி, கூட ஒரு காந்தப் பலகை, ஒரு நோட்டு. மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.